விதையும் கணக்கும் பிள்ளைகள் கையில் இருக்கட்டும்

(ஹெந்தளையில் மலையக இளைஞர் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



ஹெந்தளை, வத்தளைக் கடைகளில் வாரம் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, கிடைத்த ஓய்வு நாளில் வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகள் மரக்கறித் தோட்டம் போட மண்வெட்டி, பூவாளி, வேலிக்கம்பி வேண்டும். தக்காளிக் கன்று விற்று அந்தப் பணத்தைத் திரட்டுவோம் என்பதே யோசனை.

ஏன் தக்காளி? அது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர். நல்ல இனத்தின் பழத்தில் எடுத்த விதை தாய்ச்செடி போலவே வரும். பழத்தைப் பிழிந்து, சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்தினால் விதை தயார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்கிற வேலைதான்.

ஆனால் எல்லா இனமும் அப்படியல்ல. விவசாயத் திணைக்களத்தின் டி-245, திலின போன்றவற்றில் நாமே விதை எடுக்கலாம். பாத்திய, மஹேஷி போன்ற கலப்பினங்கள் நல்ல விளைச்சல் தரும். ஆனால் அவற்றின் விதையைப் போட்டால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்குப் போக வேண்டும். சந்தைக்கு நடுகிற விவசாயிக்கு அது கட்டுப்படியாகலாம். பாடசாலைக்குக் கட்டாது.

இங்கே இரவிலும் சூடு தணியாது. சூடு கூடினால் பூ உதிரும். மலையில் அந்தத் தொல்லை குறைவு. எந்த இனம் எந்த இடத்துக்கு என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெரிவு செய்வோம். 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டப்படி, விற்பனைக்கு முன் என்ன பதிவு வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்போம். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நின்ற மண்ணில் தக்காளி வேண்டாம். பக்டீரியா வாடல் மண்ணிலேயே தங்கும். வாடிய தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் பிடித்தால் பால் போல இழை இறங்கும். அந்தச் செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். 2022 ஜூனில், நாடு உணவுக்குத் தவித்தபோது, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கிற நம் அம்மாமாருக்கு அந்த வெள்ளிக்கிழமை இல்லை. லயத்துப் பக்கத்து மரக்கறித் துண்டைத் தலைமுறையாகக் கொத்துகிறோம். உறுதி நம் பேரில் இல்லை. ஆகவே, தக்காளி நட்டால் சம்பளப் பிரச்சினை தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்பளத்துக்கும் காணிக்கும் போராட்டம் நடந்துகொண்டே இருக்கும். இது அதற்குப் பதில் அல்ல.

பிறகு எதற்கு இது? சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறுவது ஒன்றே வழி என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த வழியில் வந்தவர்கள் நீங்கள். நான் விளக்கத் தேவையில்லை. தான் வளர்த்ததை விற்று, அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று தானே தீர்மானிக்கிற பிள்ளை நாளைக்கு எவரிடமும் துணிந்து கேள்வி கேட்கும். எத்தனை கன்று விற்றது, எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்பதைப் பிள்ளைகளே எழுதிப் பாடசாலைச் சுவரில் ஒட்டட்டும். சங்கத்திடமும் அதே போலக் கணக்குக் கேட்கட்டும். சந்தாக் கட்டுகிறவருக்கு அந்தப் பழக்கம் வேண்டும்.

உங்களிடம் நான் காசு கேட்கவில்லை. தங்கியிருக்கும் இடத்தில் வெயில் படுகிற மூலை இருந்தால், ஒரு தட்டில் நாற்றுப் போடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் கன்று விற்பனைக்கு வந்துவிடும். அக்கம்பக்கத்தில் விற்றுத் தாருங்கள். முதல் விதையை நம் பாடசாலைப் பிள்ளைகள் பொதி செய்து அனுப்புவார்கள். பெயர் தருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.