கிருமி புகுந்தவரெல்லாம் நோயாளியா?

(ஜெலாப்பாங் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தொழிலாளத் தோழர்களே, கிராணிமார்களே, தாய்மார்களே!

ஒரு வீட்டில் காசநோய் என்று தெரிந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதில்லை. திடமாக நடமாடும் மனைவி மக்களையும் நோயாளிகளாகவே பார்க்கிறோம். இதற்குப் பயந்தே பலர் இருமலை மறைக்கிறார்கள்.

இந்நோய்க் கிருமி காற்றில் பரவுகிறது. தட்டிலும் குவளையிலும் பரவுவதில்லை. சுகமாய் இருப்பவரின் நுரையீரலில் அது புகுந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. வெள்ளையணுக்கள் அதை விழுங்குகின்றன. சாகாத கிருமியை மேலும் பல அணுக்கள் கூடிச் சுற்றி வளைத்துச் சிறை வைக்கின்றன. பால்மரத்தில் வெட்டுப்பட்ட இடத்தைப் பால் உறைந்து மூடுவது போலத்தான். இப்படிக் கிருமியைச் சுமக்கும் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. நோய் வராதவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை.

1956-ஆம் ஆண்டு மதராஸில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானட்டோரியத்திலும், மற்றவர்களுக்கு நெருக்கமான அவர்கள் வீடுகளிலேயே குடும்பத்தோடும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. மருந்து தொடங்குமுன் இருமிய நாட்களே ஆபத்தான நாட்கள். ஆகவே கேடு நோயாளியில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது.

சிறைக் காவல் எப்போது தளர்கிறது? பசியால், நீரிழிவால், புகைபிடிப்பதால், எச்.ஐ.வி.யால். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அவை கிடைக்காத குடும்பங்களைவிட அவர்களிடையே நோய் சுமார் 40 சதவிகிதம் குறைந்தது. 2023-இல் இம்முடிவு வெளியாயிற்று. வயிறார உண்ணப் போதிய சம்பளம் கேட்பது நுரையீரலைக் காக்கக் கேட்பதும் ஆகும், தோழர்களே!

நாம் செய்ய வேண்டியவை இவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் கிளினிக்குக்குப் போவோம். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால், சுகமாய் இருக்கும் மற்றவர்களும் பரிசோதனை செய்துகொள்வோம். கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் பார்க்கும் சோதனையில் தடிப்பு எழுந்தால் நடுங்க வேண்டாம். உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டிருக்கிறது என்பதற்கே அது அறிகுறி. நோய் இருக்கிறதா என்று மார்புப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால், வராமல் தடுக்கவும் மருந்து உண்டு.

நோய்ப்பட்ட தோழரின் வீட்டை ஒதுக்காதீர்கள். அவர் மருந்தை நிறுத்தாமல் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். போகும்போது பிள்ளைகளுக்கு நாலு முட்டை கொண்டுபோங்கள்.