பிள்ளை கையில் பஞ்சர் சொல்யூஷன்: பார்த்தவுடன் துரத்தாதீங்க

(பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போதைன்னு சொன்னதும் கஞ்சா, மாத்திரை, மதுன்னுதான் நமக்கு நினைப்பு போகும். இன்னைக்கு நான் பேசப்போறது அதையெல்லாம் பத்தி இல்லை. பிள்ளையோட பென்சில் பாக்ஸ்லயும், தெருமுனை சைக்கிள் கடையிலயும், நம்ம வீட்டு அலமாரியிலயும் இருக்கிற பொருள்களைப் பத்தி. ஒயிட்னர், பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன், பெயிண்ட் தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல். இதைத் துணியில நனைச்சோ, பிளாஸ்டிக் கவர்ல ஊத்தியோ சில பிள்ளைங்க மூச்சோட உள்ளே இழுக்கிறாங்க.

"அதெல்லாம் தெருவோரப் பிள்ளைங்க பழக்கம், நம்ம வீட்டுல வராது"ன்னு நினைக்காதீங்க. மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி, 2019-ல் வெளியான தேசிய ஆய்வு ஒரு விஷயத்தைச் சொல்லுது. பெரியவர்களைவிட 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் அதிகமாக இருக்கிற ஒரே போதை இதுதான். நாட்டில் சுமார் 4.6 லட்சம் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வர உதவி தேவைப்படுதுன்னு அந்த ஆய்வு கணக்கிட்டிருக்கு. பாட்டில் ஒயிட்னருக்கும் அதோட வர்ற தின்னருக்கும் 2012-லேயே மத்திய அரசு தடை போட்டு, பேனா வடிவில் மட்டும் விற்க அனுமதித்தது. ஆனால் பஞ்சர் சொல்யூஷனையும் பெட்ரோலையும் யார் தடுக்க முடியும்? வீட்டுல நாமதான் கவனிக்கணும்.

இழுத்த சில நொடியில் தலை கிறுகிறுக்கும், குடித்தவர் மாதிரி பேச்சு குழறும். சில நிமிஷத்துல தெளிஞ்சுடும். அதனாலதான் திரும்பத் திரும்ப இழுக்கிறாங்க. இந்தப் பொருள்கள்ல இருக்கிற டொலுவீன் போன்ற ரசாயனம் கொழுப்பில் கரையும். மூளை நரம்புகளைச் சுற்றி உறைபோல இருப்பதும் கொழுப்புதான். நாளாக ஆக ஞாபக சக்தி, கவனம், நடை எல்லாமே பாதிக்கும். சிறுநீரகமும் கெடும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதைக் கவனிங்க:

• மூச்சிலயோ சட்டையிலயோ பெயிண்ட், பெட்ரோல் வாடை
• வாய், மூக்கைச் சுற்றிப் புண் அல்லது சிவப்புத் தடிப்பு
• விரல்லயும் துணியிலயும் வெள்ளைக் கறை, பசைக் கறை
• பைக்குள்ள, மெத்தைக்கு அடியில காலி டியூப், நனைந்த துணி, கசங்கிய கவர்
• கண் சிவப்பு, மூக்கு ஒழுகுதல், பசியின்மை, அடிக்கடி தலைவலி
• திடீர் கோபம், புது நண்பர்கள், வகுப்புக்குப் போகாம இருப்பது

ஒரே ஒரு அறிகுறியை வைத்துப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்காதீங்க. இரண்டு, மூன்று சேர்ந்து வந்தா மருத்துவரைப் பாருங்க. கடையில விற்கிற சாதாரண சிறுநீர்ப் பரிசோதனைக் கிட் இதைக் காட்டாது. அதை நம்பி நிம்மதி ஆகிடாதீங்க.

இப்போ, நீங்க கட்டாயம் மனசுல வச்சுக்க வேண்டிய விஷயம். பிள்ளை இழுத்துக்கிட்டு இருக்கும்போதே கண்ணால பார்த்துட்டீங்க. கை தானா ஓங்கும். தயவுசெய்து அடிக்காதீங்க, கத்தாதீங்க, ஓடினா துரத்தாதீங்க. அந்த ஆவி உள்ளே இருக்கும்போது இதயம், அட்ரினலின் சுரப்புக்கு அளவுக்கு மீறித் துடிக்கிற நிலையில இருக்கும். பயமும் ஓட்டமும் அந்தச் சுரப்பை ஏத்திவிடும். துடிப்பு தாறுமாறாகி இதயம் அங்கேயே நின்னுடலாம். முதல் தடவை இழுத்த பிள்ளைக்கும் இது நடக்கலாம்.

அதனால மெதுவா கிட்டப் போங்க. "வாப்பா, இப்படிக் காத்தாட உட்காரு"ன்னு சாதாரணமாப் பேசுங்க. ஜன்னலைத் திறங்க. அடுப்பு, தீக்குச்சி, சிகரெட் எதுவும் பக்கத்துல வேண்டாம், தீப்பிடிக்கும். மயங்கினா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் ஊத்தாதீங்க, உடனே 108-ஐ அழையுங்க. மூச்சு நின்னுட்டா, அவங்க போனிலேயே சொல்றபடி நெஞ்சை அழுத்துங்க.

பேச்சுவார்த்தையை அடுத்த நாளுக்கு வச்சுக்கோங்க, அதுவும் பிள்ளை தெளிவா இருக்கும்போது. "ஏன் செஞ்சே?"ன்னு விசாரணையா ஆரம்பிக்காம, "உனக்கு என்ன கஷ்டம்?"னு கேளுங்க. இதுக்கு மாற்று மருந்துன்னு தனியா எதுவும் இல்லை. ஆலோசனையும் வீட்டு ஆதரவும்தான் முக்கிய சிகிச்சை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கு. மருத்துவர்கிட்ட போறது போலீஸ்ல புகார் கொடுக்கிறது இல்லை. "வெளியே தெரிஞ்சா அவமானம்"னு மூடி வைக்காதீங்க.

இதைப் படிக்கிற போன்லயே இந்த எண்களைச் சேமிச்சு வையுங்க:

• 108: ஆம்புலன்ஸ்
• 14446: போதை மீட்பு உதவி எண்
• 14416: டெலி மானஸ் மனநல ஆலோசனை
• 1098: குழந்தைகள் உதவி எண்
• 10581: தமிழ்நாட்டில் போதைப்பொருள் விற்பனை குறித்துத் தகவல் தர

சேமிச்சுட்டு, இன்னைக்கே வீட்டுல இருக்கிற தின்னர், ஸ்பிரே, பசை எல்லாத்தையும் ஒரு இடத்துல வச்சுப் பூட்டுங்க. பக்கத்து வீட்டு அம்மா அப்பாகிட்டயும் "துரத்தாதீங்க"ங்கிற அந்த ஒரு விஷயத்தையாவது சொல்லுங்க.