அளவெட்டிக்கு ஒரு யாத்திரை

மருதானைப் புகையிரத நிலையத்தைக் கடந்து வடக்கே ஓடும் காங்கேசன்துறை வண்டியில் ஏறி, யாழ்ப்பாணத்துக்கும் அப்பால் மல்லாகத்தில் இறங்குவோர்க்கு, செம்மண் தோட்டங்களும் பனைகளும் சூழ்ந்த அளவெட்டி வெகு சமீபத்திலேயே இருக்கிறது. கிணற்று நீர் வாய்க்கால் வழியே ஓடிவர, மண்வெட்டியால் மடை மாற்றி, வெங்காயப் பாத்திகளுக்கு ஒவ்வொன்றாகப் பாய்ச்சும் கமக்காரரின் நிதானத்தைக் கண்டவர்க்கு, 1927-இல் அவ்வூரில் ஜனித்த து. உருத்திரமூர்த்தி, ‘மகாகவி’ என்னும் புனைபெயர் பூண்டிருந்தும், சாமானிய ஜனங்களின் வாழ்வையும் பேச்சோசையையுமே தம் கவிதைக்கு விஷயமாக வரித்துக்கொண்ட காரணம் ஒருவாறு விளங்கும். புனைபெயர்தான் சற்றுப் பெரிது. கவிதையில் ஆடம்பரம் கிடையாது. ஐந்தடியில் ஹாஸ்யம் ததும்பும் ஆங்கில லிமரிக்கைத் தமிழ் யாப்புக்கு இசைவித்து, ‘குறும்பா’ என்று 1966-இல் நூலாகவும் தந்தார். ‘மனக்கண்’ நாவலாசிரியர் அ. ந. கந்தசாமியும் இவ்வூரவரே, கவிஞர் சேரன் மகாகவியின் புதல்வர், நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனோ ஊர்ப்பெயரையே தம் பெயருக்கு முன்னே தாங்கிச் சென்றவர். ஆகையால், யாழ்ப்பாணம் செல்லும் அன்பர்கள் நல்லூரோடு திரும்பிவிடாமல், ஒரு காலைப் பொழுதை அளவெட்டிக்கும் ஒதுக்குங்கள்; கையில் ‘குறும்பா’ இருக்குமானால் இன்னும் விசேஷம்.