மலைப்பாதையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: செக் எஞ்சின் விளக்கு எரிந்தால்

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது என்றால், சென்சார்களிடமிருந்து வரும் கணக்கு ஏதோ ஓரிடத்தில் ஒத்துவரவில்லை என்று எஞ்சினின் கணினி சொல்கிறது. குறிப்பிட்ட சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்வதில்லை. இந்த வேறுபாடு பிடிபடாததால் நல்ல சென்சார்கள் கழற்றி வீசப்படுகின்றன. புதிதாக வாங்கிப் போட்ட பிறகும் விளக்கு எரிகிறது. பழைய கார்களில் இந்தத் தவறு பெரிய செலவு வைத்துவிடும். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் தயாரான மிட்சுபிஷி லான்சர், அதன் பின் 2006-ல் வந்த 2 லிட்டர் செடியா, 2001-ன் ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ் போன்ற வேகக் கார்களின் விற்பனை எப்போதோ நின்றுவிட்டது. உதிரி பாகத்துக்குக் கோயம்புத்தூர், கொச்சி என்று அலைய வேண்டும். ஆகவே சோதனையை முடித்த பிறகே பாகம் வாங்குவது நல்லது.

முதலில் விளக்கின் நிறத்தையும் நடத்தையையும் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்து, வண்டியும் வழக்கம்போல் ஓடினால், நிதானமாக வீடு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். அதுவே விட்டுவிட்டுச் சிமிட்டினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. அந்தப் பெட்ரோல் சைலன்சர் குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அந்த நிலையில் போடிமெட்டு ஏற்றத்தை முடித்துவிடலாம் என்று ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது கூடாது. சிவப்பு ஆயில் விளக்கு இதற்கெல்லாம் மேலான எச்சரிக்கை. அது எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். 2004-ல் இங்கே வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரின் 1.8 டர்போ எஞ்சினில் ஆயில் கெட்டித்துச் சேறாகி, பம்பின் உறிஞ்சு வலையை அடைத்துக்கொள்வதுண்டு. அங்கே அந்த விளக்கைச் சென்சார் கோளாறு என்று ஒதுக்கினால் எஞ்சினே போய்விடும்.

சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம். செகண்ட் ஹேண்டில் விற்றவர் அதைக் கழற்றியிருக்கவும் கூடும். பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது, கணினி பதிந்து வைத்த கோளாறுக் குறியெண்ணை, அதாவது கோடை, படித்துக் காட்டும் ஸ்கேனர். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லா கார்களிலும் ஓபிடி-2 என்ற, கோளாறைக் கண்டறியும் ஒரே மாதிரியான முறை கட்டாயமானது. இந்தியாவில் ஓபிடியின் முதல் கட்டம் 2010-லும் இரண்டாம் கட்டம் 2013-லும்தான் வந்தன. அதற்கு முந்தைய வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முள் சாக்கெட் இருந்தாலும், மலிவான புளூடூத் ஸ்கேனரோடு அது பேசாமல் போகலாம். அந்தக் கம்பெனிக்குரிய ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைத்தான் தேட வேண்டும். ஹோண்டாவின் பழைய எஞ்சின்களில் ஸ்கேனரே தேவையில்லை. சர்வீஸ் கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்துச் சாவியைப் போட்டால் விளக்கே கோடைச் சொல்லிவிடும். நீளமான சிமிட்டல் ஒன்றுக்குப் பத்து, குட்டையான சிமிட்டலுக்கு ஒன்று. ஆறு குட்டைச் சிமிட்டல் என்றால் கூலண்ட் வெப்பநிலை சென்சாரின் மின்வழியில் கோளாறு.

எந்தக் கோடு வந்தாலும், அழிக்கும் முன் எழுதி வைக்க வேண்டும். பேட்டரி முனையைக் கழற்றி விளக்கை அணைப்பது பரவலான பழக்கம். கோளாறு பதிவான நேரத்தின் வேகம், வெப்பம், சுமை எல்லாம் அதோடு அழிந்துபோகின்றன. உண்மையில் அந்த விவரங்கள்தான் பாதி விடை.

சென்சாரைத் தொடும் முன் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கையில் பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் வர வேண்டும். பெரும்பாலான சென்சார்கள் கணினி தரும் 5 வோல்ட்டை நம்பியே வேலை செய்கின்றன. எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தால் அந்தக் கணக்கு குழம்பி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து கோடுகள் ஒன்றாக வரும். அப்படி வந்தால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் தேவிகுளம், பீர்மேடு பக்கத்து வண்டிகளில் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் முனைகளில் பச்சைக் களிம்பு தெரியும். எஸ்டேட் லயத்துக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டியில் எலி கடித்த ஒயரையும் தேட வேண்டும்.

கூலண்ட் வெப்பநிலை சென்சாரைச் சோதிப்பது எளிது. குளிர்ந்த எஞ்சினில் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தால், 20 டிகிரியில் பல வண்டிகளில் 2,000 முதல் 3,000 ஓம் வரை காட்டும். எஞ்சின் சூடானதும் அது 200, 300 ஓமுக்கு இறங்க வேண்டும். படிப்படியாக இறங்கினால் சென்சார் நல்லது. கோளாறு ஒயரில் இருக்கிறது. மூணாறு போன்ற குளிரான இடங்களில் மட்டும் தலைகாட்டும் கோளாறு ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டால், பாலக்காட்டு வெயிலில் அது தெரியவே தெரியாது. மூணாறின் ஜனவரிக் குளிரில் எஞ்சின் சூடேறாமல், கணினி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், பி 0128 கோடு வரும். இதற்குச் சென்சார் மாற்றிப் பயனில்லை.

உயரத்தால் இன்னொரு சோதனையும் கிடைக்கிறது. காற்றழுத்த சென்சார் உள்ள வண்டியில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் அழுத்த அளவைப் பார்க்கலாம். பாலக்காட்டில் 100 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாறில் அது 85-க்கு அருகே இறங்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்தால் சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகிக்கலாம். காற்றோட்ட சென்சார் மட்டும் வைத்த எஞ்சின்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

அதிகம் குழப்புவது பி 0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்ற கோடு. ஆக்ஸிஜன் சென்சார்தான் இதைச் சொல்கிறது என்பதால் அதையே மாற்றிவிடுகிறார்கள். கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃபியூயல் டிரிம் எண்ணை ஸ்கேனரில் பார்த்தால் வழி தெரியும். ஐடிலிங்கில் எண் அதிகமாக இருந்து, 2,500 சுற்றில் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. இருபது வருட ரப்பர் ஹோஸ் கையால் வளைத்தால் வெடிப்பு காட்டும். சமவெளியில் சரியாக இருந்து, ஏற்றத்தில் சுமை கூடக் கூட எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்போ ஃபில்டரோ தளர்ந்திருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கலப்பில்லாத பெட்ரோலைவிட இதில் சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. ஏற்கெனவே சிறு கசிவுள்ள பழைய வண்டியை இந்தக் கூடுதல் தேவையே எல்லை தாண்ட வைத்துவிடும். எத்தனால் பழைய ரப்பரையும் அரிக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸ்களையும் அதே கையோடு மாற்றிவிடலாம்.

எஞ்சின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரின் கோளாறு மலையில்தான் நன்றாக வெளிப்படும். கொண்டை ஊசி வளைவுகளில் ஃபர்ஸ்ட், செகண்ட் கியரில் ஏறும்போது எஞ்சின் சூடேறி, சென்சாருக்குள் இருக்கும் சுருள் அறுந்ததுபோல் ஆகிவிடும். வண்டி சட்டென்று அணையும். அரைமணி ஆறியதும் எதுவும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்பில் ஆறிய பிறகு சோதித்தால் பிடிபடாது. அணைந்த உடனேயே செல்ஃப் அடித்து, ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஜ்யமாகவே நின்று, கப்ளரும் ஒயரும் சரியாக இருந்தால் இந்தச் சென்சாரைத் தயங்காமல் மாற்றலாம்.

பி 0300, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்ற மிஸ்ஃபயர் கோடு, சில வேளைகளில் சாலையாலும் வரும். கிராங்க் சுழற்சியின் ஏற்ற இறக்கத்தை வைத்தே கணினி மிஸ்ஃபயரைக் கணிக்கிறது. குண்டும் குழியுமான பாதையில் சக்கரம் குலுங்கினால் அது ஏமாறக்கூடும். நல்ல சாலையிலும் திரும்ப வந்தால் பிளக், காயில் பார்க்க வேண்டும். பி 0301 முதல் பி 0304 வரையான கோடு எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். அந்தச் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போட்டு, கோடும் கூடவே நகர்ந்தால் காயில்தான் பழுது.

வேலை முடிந்து கோடை அழித்த பிறகு, ஆறிய எஞ்சினில் தொடங்கிச் சமவெளி, ஏற்றம், இறக்கம் மூன்றிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பல கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பதிவானால்தான் விளக்கை ஏற்றும். ஆகவே ஒரு நாள் அணைந்திருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும் வண்டியாக இருந்தால், இந்த ஓட்டங்களை முடித்து ஸ்கேனரில் நிலுவைக் கோடு ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே புகைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்.