பூங்கா விலைப்பொருள் அன்று!

(நுவரெலியாவில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இக்கூட்டத்தின் பொருளைக் கேட்டு நண்பர் சிலர் நகைத்தனர். "லயத்துக் கூரை ஒழுகுகிறது, நீங்களோ பூங்காவைக் காக்கப் புறப்பட்டுவிட்டீர்கள்!" என்றனர். நியாயமான கேள்வி அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பாட்டனும் பேரனும் ஒருங்கே படுத்துறங்கும் மக்களிடையே நின்றுகொண்டு, பூவையும் புல்லையும் புகழ்ந்துவிட்டுப் போவது பேதைமை. ஆகவே அக்கேள்விக்கு மறுமொழி கூறிவிட்டே மேலே செல்கிறோம்.

வீடு வேண்டும்; மறுப்பார் எவருமிலர். ஆனால் எவருக்கு வீடு? இந்த நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் ஆண்டுதோறும் முளைக்கும் மாடிகளைப் பாருங்கள். ஏப்ரல் மாதத்து வசந்த காலத்தில் பத்து நாள் விளக்கெரியும். எஞ்சிய நாட்களில் காவற்காரன் ஒருவனும் பூட்டு ஒன்றும். "வீடமைப்பு" என்னும் அழகிய சொல்லைச் சொல்லிக்கொண்டு தனியார் முதல் தேடி வருவது இத்தகைய வீடுகளுக்காகவே. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்காவது அங்கே ஒரு திண்ணை கிடைத்ததுண்டா?

தொழிலாளிக்கு வீடு கட்டக் காணி இல்லை என்பதும் பொய். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிருவாகம் மாத்திரமே பிராந்தியக் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. குத்தகைக்கு விட்டவன் உரிமையாளனாகவே இருக்கிறான் என்பது சட்டத்தின் அரிச்சுவடி. மண் அரசினுடையது. 7 பேர்ச்சஸ் என்றும், பின்னர் 10 பேர்ச்சஸ் என்றும் பேசப்படும் காணியை அரசு தன் மண்ணிலிருந்தே அளந்து கொடுக்கலாம். 2017 மே மாதம் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மோடி 10,000 வீடுகள் என்று அறிவித்தாரே, அவ்வீடுகளுக்காக எந்தப் பூங்காவையும் எவரும் வெட்டவேண்டியதில்லை. வீடில்லாதவன் பெயரைச் சொல்லிப் பொது நிலத்தைக் கேட்பவன், வீடில்லாதவனுக்காகக் கேட்கவில்லை. இது நிற்க.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்த மலைநாட்டில் முதற் காணிக் கொள்ளை துப்பாக்கியால் நடைபெறவில்லை. சட்டப் புத்தகத்தால் நடைபெற்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டமுடியாத காட்டு நிலமும் பயிரிடாத நிலமும் முடிக்குரியனவென்று அனுமானித்தது. தலைமுறை தலைமுறையாகக் கால்நடை மேய்த்த, விறகு பொறுக்கிய, சேனை வெட்டிய கண்டிய விவசாயியை நோக்கி, "உன் உறுதி எங்கே?" என்று கேட்டது. ஊருக்குப் பொதுவான மேய்ச்சற்றரைக்கு உறுதி எழுதி வைத்தவர் யார்? அவ்வாறு பறிக்கப்பட்ட நிலம் ஏக்கர் ஐந்து சிலிங்குக்குத் துரைமாருக்கு விற்கப்பட்டது. அந்த நிலத்திலே கோப்பி நடுவதற்குத்தான் நம் பாட்டன்மார் கடல் கடந்து கொண்டுவரப்பட்டனர். சிங்களக் கிராமத்தவன் நிலமிழந்தான்; தமிழ்த் தொழிலாளி நிலமில்லாமலே வந்து சேர்ந்தான். இருவரையும் ஒரே சட்டம் ஏழையாக்கியது என்பதை இருவருக்கும் எடுத்துச் சொல்வார் இன்றும் அருகியே உள்ளனர்.

அதே காலத்தில், அதே ஆங்கிலேயரின் தலைநகரில் நடந்ததைக் கேளுங்கள். இலண்டன் நகரின் வடபுறத்தில் ஹாம்ஸ்டெட் ஹீத் என்னும் மேட்டுவெளி உண்டு. அதற்கு உரிமையாளரான பிரபு, சர் தோமஸ் மேரியன் வில்சன். தம் நிலங்களில் வீடுகள் கட்டக் குத்தகை விடும் அதிகாரம் வேண்டி 1829இல் பாராளுமன்றத்தில் மசோதா ஒன்றைக் கொண்டுவரச் செய்தார். மக்கள் எதிர்த்தனர், மசோதா தோற்றது. மீண்டும் கொண்டுவந்தார், மீண்டும் தோற்றது. நாற்பது ஆண்டுகள் இவ்வாறே! உறுதி அவர் கையில் இருந்தது. ஆயினும் ஊரார் காலங்காலமாக உலவிய வெளியில் அவர் நினைத்தபடி கட்டிடம் எழுப்ப முடியவில்லை. 1869இல் அவர் காலமானார். உரிமை பெற்ற தம்பியிடமிருந்து 45,000 பவுணுக்கு நகரத்தின் பொதுப்பணிச் சபை அதனை வாங்க, 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய 220 ஏக்கரைப் பொதுமக்களுக்கென்றே நிலைபெறச் செய்தது. எதிர்த்தவர் எல்லோரும் ஏழைபங்காளர் என்று எண்ணிவிடாதீர்கள். தம் மாளிகைச் சன்னலிலிருந்து தெரியும் காட்சி கெடுமேயென்று கவன்ற செல்வரும் அவருள் இருந்தனர். இருக்கட்டும். விடுமுறை நாளில் அங்கே காற்று வாங்கியவன் ஆலைத் தொழிலாளி.

இலண்டனில் பிரபுவைப் பார்த்து, "கட்ட உனக்கு அதிகாரம் உண்டா?" என்று கேட்டவர்கள், கண்டியில் விவசாயியைப் பார்த்து, "இருக்க உனக்கு உறுதி உண்டா?" என்று கேட்டார்கள். பொது நிலம் என்னும் கருத்து அவர்கள் அறியாததன்று. நமக்கு அதனைத் தரவில்லை, அவ்வளவே. அவர்கள் போய்விட்டனர். இன்று நம்முடைய சபைகளே அந்த 1840ஆம் ஆண்டுக் கேள்வியை நம்மிடம் கேட்கலாமா?

இந்நகரில் எஞ்சியுள்ள பொதுப் பசுமை எவ்வளவு? விக்டோரியாப் பூங்கா 27 ஏக்கர். ஹக்கலைத் தாவரவியற் பூங்காவின் ஆராய்ச்சித் தோட்டமாக இருந்து, விக்டோரியா அரசியின் வைரவிழா ஆண்டாகிய 1897இல் அப்பெயர் பெற்றது. மாநகர சபையின் நிருவாகத்தில் இருப்பது. அப்பால் கால்வேஸ் காடு. 1938இல் சரணாலயமாகி 2006இல் தேசியப் பூங்காவானது. பரப்போ 30 ஹெக்டேயருக்கும் குறைவு. காஷ்மீரத்துக் குளிருக்கு அஞ்சிப் பறந்து வரும் ஈப்பிடிப்பான் குருவி விக்டோரியாப் பூங்காவின் மரத்திலே வந்து தங்குகிறது. அதைக் காணவென்றே உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகின்றனர். குருவிக்குக் கிடைத்த குடியுரிமை நம்மவருக்குக் கிடைக்க 1948 தொடக்கம் 2003 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதை இடையே சொல்லி வைக்கிறோம்.

அரசியின் பெயரால் அமைந்த பூங்காவை நாம் ஏன் காக்கவேண்டும் என்று கேட்கும் இளைஞர் உளர். பெயர் அரசியினுடையதாக இருக்கட்டும். மண் வெட்டியவர் எவர், கல் சுமந்தவர் எவர் என்று எந்தப் பலகையும் கூறவில்லை. துரைமாரின் விளையாட்டிடமாக இருந்ததை மக்கள் சொத்தாக்கியதே சுதந்திரத்தால் நாம் பெற்ற சில பேறுகளுள் ஒன்று. அதைத் திரும்பவும் சுற்றுச்சுவர் எழுப்பிச் சிலருக்காக்குவது, துரைக்குப் பதில் வேறொரு துரையை அமர்த்துவதாகும். செல்வனுக்குத் தன் வீட்டைச் சுற்றித் தோட்டம் உண்டு. தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே மடியும் நம் மக்களுக்கோ, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வேலையின்றி உலவ இந்தப் பூங்காவன்றி வேறு தோட்டமில்லை.

சட்டம் நமக்குத் துணை நிற்குமா? நிற்கும். பொதுத் தேவைக்கென அரசு சுவீகரித்த பத்தரமுல்லைக் காணி, ஒரு தனியார் கம்பெனியின் கோல்ஃப் விடுதிக்குக் கைமாறியது. ஆண்டுகள் பல சென்றபின், குடிமக்கள் இருவர் 2007இல் அடிப்படை உரிமை மனுவுடன் உயர் நீதிமன்றம் சென்றனர். 2008 அக்டோபர் 8ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. நீதியரசர் சிராணி திலகவர்த்தன எழுதிய அத்தீர்ப்பு, ஆள்வோரின் அதிகாரம் மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கும் அதிகாரமே என்று அடித்துக் கூறியது. காணி மீளவேண்டும் என்றது. முன்னாள் சனாதிபதியே 30 இலட்சம் ரூபா செலுத்தவேண்டும் என்றது. சனாதிபதிக்கு இல்லாத அதிகாரம் ஒரு மாநகர சபைக்கு எங்கிருந்து வரும்?

இந்தியாவிலும் இவ்வாறே. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தனர். மருத்துவமனை நல்லதுதானே என்று வாதிட்டனர். 1991இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நோயாளியின் பெயராலேயே பூங்காவை எடுக்க முடியாதென்றால், உல்லாச மாளிகையின் பெயரால் எடுக்கமுடியுமா?

மழையைப் பற்றியும் ஒரு சொல். பிதுருதலாகலை மலையடியில், கிண்ணம் போன்ற பள்ளத்தில் அமைந்தது இந்நகர். மலைநீரை உறிஞ்சும் திறந்த மண் குறையக் குறைய, வெள்ளம் கடைவீதிக்கு வரும். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதரும் புதையுண்டதைக் கண்டோம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்ததையும் கண்டோம். சரிவை வெட்டி மாடி கட்டுபவர் வேறு, சரிவின் கீழே புதைபடுபவர் வேறு.

பூங்கா ஒரே நாளில் விற்கப்படுவதில்லை. முதலில் ஓரத்தில் வாகனத் தரிப்பிடம் என்பார்கள், பிறகு சிற்றுண்டிச்சாலை, பிறகு முப்பதாண்டுக் குத்தகை. நீதிமன்றம் செல்லும்போது கட்டிடம் நின்றுவிடும், "இத்தனை கோடி செலவழித்துவிட்டோமே!" என்று கண்ணீர் வடிப்பார்கள். ஆதலால் அபாயம் வருமுன்னரே மூன்று காரியங்களைக் கேட்கிறோம். பூங்காவின் எல்லையை நில அளவையாளர் அளந்து, வரைபடத்தைச் சபை வாயிலில் ஒட்டவேண்டும். பூங்காவிலும் அதன் ஓரத்திலும் இதுவரை கொடுத்த குத்தகைகள் அனைத்தையும் வெளியிடவேண்டும். எக்காலமும் பொது வெளி என்று வர்த்தமானியில் பிரகடனம் செய்யவேண்டும்.

முதலிரண்டுக்கும் எவரிடமும் கெஞ்சத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பறித்த சட்டமும் 12, கேட்கும் சட்டமும் 12! விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லியாகவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதனை நாம் எழுதித் தருவோம், கட்டணமின்றி.

விண்ணப்பப் படிவங்கள் தமிழிலும் சிங்களத்திலும் மேடையருகே உள்ளன. நானுஓயா, கந்தப்பளை, லபுக்கலைத் தோழர்கள் தத்தம் தோட்டத்துக்குரிய கட்டுகளை எடுத்துச் செல்க. நகரத்துச் சிங்களக் கடைக்காரரிடமும் முஸ்லிம் வணிகரிடமும் கையொப்பம் கேட்க மறவாதீர்கள். பூங்கா அவர்களுக்கும் உரியது. வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்குச் சபைச் செயலகத்தில் ஒருங்கே கையளிப்போம். ஒப்புதற் சீட்டு வாங்காமல் எவரும் திரும்பவேண்டாம்.