அல்ப்ஸ் மலையின் கசப்பு வேர்

கசப்பு என்றவுடன் நம்மவர்க்கு வேம்பும் நிலவேம்பும் நினைவுக்கு வரும். ஐரோப்பிய மலைவாசிகளுக்கோ ஜெந்தியன் என்னும் வேரே முதலில் நினைவுக்கு வருவது. அல்ப்ஸ், யூரா, பிரெனீஸ் ஆகிய மலைகளின் மேய்ச்சல் நிலங்களிலே இயல்பாக வளரும் பூண்டு இது. ஏறத்தாழ ஆளுயரத்துக்கு எழும் ஒற்றைத் தண்டு. மேற்கணுக்களிலே கொத்துக் கொத்தாக மஞ்சட் பூக்கள். நிலத்தினுள்ளே பருத்து நீண்ட வேர். கி.மு. 168இல் உரோமரிடம் தோல்வியுற்ற இல்லிரிய மன்னன் ஜெந்தியசு இதன் குணத்தைக் கண்டறிந்தான் என்று பிளினி என்னும் உரோம அறிஞர் எழுதிவைத்தார். பூண்டின் பெயரும் அவன் பெயரால் வந்ததே. புண்ணுக்குப் பூசும் ஊதா நிறமான ஜென்ஷன் வயலட் இவ்வேரிலிருந்து எடுக்கப்படுவது என்று எண்ணுவோர் உளர். அஃது அன்று, அது இரசாயன முறையில் ஆக்கப்படும் சாயம். ஜெந்தியன் இனங்கள் சிலவற்றின் பூ நிறத்தை ஒத்திருத்தலால் அப்பெயர் பெற்றது.

இவ்வேரிலுள்ள அமரோஜெந்தின் என்னும் பொருள் மனிதர் அறிந்த மிகக் கடுங்கசப்புகளுள் ஒன்று. ஒரு பங்கை 5 கோடியே 80 இலட்சம் பங்கு நீரிற் கரைத்தாலும் நாக்கு அதனை உணரும் என்பர். கசப்பு நாவிற் பட்டவுடன் உமிழ்நீர் ஊறுகின்றது; இரைப்பையிலும் செரிமான நீர் சுரக்கின்றது. ஆகவே பசி மந்தமானவர்க்கும் வயிறு ஊதுபவர்க்கும் உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாக இதன் சாற்றைச் சிறிதளவு கொடுப்பது நெடுங்கால வழக்கம். கசப்பை நாவில் உணர்வதே இம்மருந்தின் வேலையிற் பெரும்பகுதி. சர்க்கரையில் மறைத்து விழுங்குபவர் பயனையும் ஓரளவு இழக்கின்றனர். ஆயின், இரைப்பையிலோ சிறுகுடலிலோ புண் உள்ளவர்க்கு இது ஆகாது. அமிலம் மிகுந்தால் புண் மோசமாகும் அல்லவா?

இதனினும் பெரிய ஆபத்து வேரில் இல்லை. அதன் அயலிலே நிற்கின்றது. வெராத்திரம் என்னும் நச்சுப் பூண்டும் அதே புல்வெளியில் வளர்கின்றது. ஒன்றைக் கசப்புக்காகவும் மற்றதை நஞ்சுக்காகவும் மாடுகள் தின்னாது விடுவதால், இரண்டும் அருகருகே செழித்து நிற்கும். ஜெந்தியன் பூப்பதற்குப் பத்தாண்டு வரையிற் செல்லும். அதுவரை இலையை மட்டும் பார்த்தே இனங்காண வேண்டும். ஜெந்தியனின் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாய் அமைந்தவை, மழமழப்பானவை. வெராத்திரத்தின் இலைகளோ ஒன்றுவிட்டு ஒன்றாய் மாறி மாறித் தோன்றும். அடிப்புறத்தில் மெல்லிய மயிர் இருக்கும். வேரிலும் வேறுபாடு உண்டு: ஜெந்தியன் வேர் நீண்டது, உள்ளே மஞ்சளானது, வெராத்திரத்தின் கிழங்கு குறுகியது, அதனைச் சுற்றித் தாடிபோல் மெல்லிய வேர்கள் தொங்கும்.

பகலொளியில் நின்று ஒப்பிடுபவர்க்கு இவை எளிய அடையாளங்களே. ஆனால் வேர் அகழ்வது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில். அப்பொழுது இலை வாடிவிடும். பிரான்சிலே பேயின் கவர்க்கோல் என்று பெயர் பெற்ற நீண்ட இரும்புக் கருவியால் வேரை நெம்பி எடுக்கும் தொழிலாளர் கோடையிலேயே செடியை நன்கு அறிந்தவர். அவர் தவறுவது அரிது. விடுமுறைக்கு மலையேறி, நூலிற் பார்த்த படத்தை நம்பி, ஒரு வேரைப் பறித்து வீட்டிலே மதுவில் ஊறவைப்பவரே பெரும்பாலும் அகப்படுகின்றார். ஒரு வீட்டுச் சீசாவைப் பலர் பகிர்ந்து பருகினால் அனைவரும் ஒருங்கே நோயுறுவர்.

வெராத்திரத்தின் நஞ்சு நரம்பையும் இருதயத்தையும் தாக்குவது. சிறிது நேரத்தில் ஓயாத வாந்தி தொடங்கும். நாடி மிகத் தளரும். இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். மருத்துவமனையில் அத்திரோப்பீன் என்னும் மருந்தை ஏற்றி நாடியை நிமிர்த்துவர். நரம்பு வழியே நீரும் செலுத்துவர். காலத்தோடு கொண்டுசெல்லப்பட்டவர் பெரும்பாலும் ஓரிரு நாளிலே தேறுவர்.

காட்டு ஜெந்தியனும் முன்போல் மலிவாக இல்லை. வேரைப் பிடுங்கினால் செடியே அழிகின்றது. புதிய செடி பூக்கப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். 1992இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த வாழிடப் பாதுகாப்பு விதிகளில், எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கத்தக்க பூண்டுகளுள் இதுவும் சேர்க்கப்பட்டது. இப்பொழுது சில இடங்களில் வயலிலே பயிரிடுகின்றனர். அவ்வாறு விதைத்து வளர்த்த வேரில், இன்னதென்று தெரியாத அயற்செடி கலப்பதற்கு இடம் குறைவு.