நல்ல தகவல் நம் குழுவுக்கு ஏன் வந்து சேர்வதில்லை?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு என்று பேசிக் களைத்துப் போயிருக்கிறீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போக மாட்டேன் என்று செயலாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் மைக்கை வாங்கியிருக்கிறேன்.

அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். அதோடு, எங்கள் தொழில்முறைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "டாக்டர்கள் சங்கத்துக்கு லைக் வாங்குவது நமக்கு எதற்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். நம் வளாகத்தில் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கட்டடப் பொறியாளர்கள், பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் உண்டு. பொதுமக்களுக்குப் பயன்படட்டும் என்று அந்தச் சங்கங்கள் நல்ல தகவல்களைத் தயாரித்து வைக்கின்றன. ஆனால் அவை நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வருவதில்லை. வருவது வேறு. அந்த வேறு எது என்று ஒரே ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன்.

"தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால், மூச்சை இழுத்து இழுத்துப் பலமாக இருமுங்கள், இதயம் மறுபடி துடிக்கும்" என்ற செய்தியை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். ஏறக்குறைய எல்லோரும்! 1999 வாக்கில் ஆங்கில மின்னஞ்சலில் சுற்றத் தொடங்கியது இது. இன்று தமிழில், படத்தோடு வருகிறது. இதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை என்று அமெரிக்க இதய சங்கம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. காரணம் எளிது. மாரடைப்பு வந்து நினைவோடு இருப்பவர் செய்ய வேண்டியது, உடனே 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போவது. இருமிக்கொண்டு உட்கார்ந்தால் நேரம்தான் வீணாகும். இதயம் நின்றே போனால், சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். நினைவில்லாதவர் எப்படி இருமுவார்?

இப்போது இன்னொரு கேள்வி. கோல்ஸ் என்ற பெயரைக் கேட்டவர்கள் கை தூக்குங்கள். மூன்று பேர். அதில் ஒருவர் என் மனைவி.

கோல்ஸ் என்பது நம் நாட்டு மயக்கவியல் மருத்துவர்கள் முன்னின்று உருவாக்கிய உயிர்காக்கும் முறை. 2017-ல் இந்திய மயக்கவியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் செய்வதற்காகவே எழுதப்பட்டது. வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், நெஞ்சை அழுத்தினால் போதும். ஒருவர் மயங்கி விழுகிறார், தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை. உடனே ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இன்னொருவர், அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடு எலும்பில், கீழ்ப் பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். 5 முதல் 6 செ.மீ. ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

நின்றுபோன இதயத்துக்கு யாரும் எதுவும் செய்யாவிட்டால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நம் தெருவின் போக்குவரத்தில் ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைவாக வந்தாலும், முதல் ஐந்து நிமிடம் பக்கத்து வீட்டுக்காரர் கையில்தான்.

உயிரைக் காப்பாற்றும் செய்தியை மூன்று பேர் அறிந்திருக்கிறோம், ஆபத்தான செய்தியை எல்லோரும் அறிந்திருக்கிறோம். மக்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இருமல் செய்தி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "நீங்கள்" என்று நம்மைப் பார்த்துப் பேசுகிறது. ஒரே ஒரு காரியத்தைச் சொல்கிறது. "பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று அடுத்த வேலையையும் கையில் கொடுக்கிறது. சங்கங்களின் பக்கங்களில் பொதுவாக என்ன இருக்கும்? குத்துவிளக்கு ஏற்றும் படம், பொன்னாடை போர்த்தும் படம், மேடையில் வரிசையாக நிற்கும் படம். கூடவே, ஆங்கிலத்தில் நாற்பது பக்கப் பிடிஎப். அதைத் திறப்பது அதே சங்கத்து உறுப்பினர்கள்தான்.

இதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. மருத்துவர்கள் சுயவிளம்பரம் செய்யக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள் சொல்கின்றன. வழக்கறிஞர்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் அவரவர் விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் பலர் இணையத்தில் வாய் திறக்கவே தயங்குகிறார்கள். ஆனால் தன் கிளினிக்குக்கு ஆள் சேர்ப்பது வேறு, சங்கத்தின் பொதுத் தகவலைப் பகிர்வது வேறு. பதிவில் சொந்தப் பெயர், முகவரி, கட்டணம், "என்னிடம் வாருங்கள்" எதுவும் இல்லாமல், சங்கத்தின் பெயரில் தகவல் மட்டும் இருந்தால் அது பொதுச் சேவை.

சரி, எப்படிப் பகிர்வது? எங்கள் பக்கத்தில் நாங்கள் கடைப்பிடிக்கும் சில வழக்கங்களைச் சொல்கிறேன். மற்றத் தொழிலில் இருப்பவர்களுக்கும் இவை உதவும்.

முதலாவது, ஒரு பதிவுக்கு ஒரு செயல். "மாரடைப்பு: காரணங்கள், அறிகுறிகள், தடுப்பு முறைகள்" என்று போட்டால் யாரும் படிப்பதில்லை. "மயங்கியவரிடம் கையை எங்கே வைப்பது?" என்றால் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, படம். 2016-ல் ஆண்ட்ரூ இப்ராஹிம் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர், ஆய்வுக் கட்டுரையின் சாரத்தை ஒரே படத்தில் சொல்லும் முறையை 'அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி' என்ற ஆய்விதழில் கொண்டுவந்தார். 44 கட்டுரைகளை, தலைப்போடு மட்டும் ஒருமுறை, படத்தோடு ஒருமுறை என்று ட்விட்டரில் பகிர்ந்து ஒப்பிட்டார்கள். படத்தோடு போனபோது மறுபகிர்வு 8.4 மடங்கு. கட்டுரையைத் திறந்து பார்த்தவர்கள் 2.7 மடங்கு. மருத்துவர்களுக்கே படம் தேவைப்படுகிறது என்றால், நமக்குச் சொல்ல வேண்டுமா?

மூன்றாவது, நாள் பார்த்துப் பகிர்வது. அக்டோபர் 16 உலக மயக்கவியல் நாள். 1846-ல் அதே தேதியில்தான் பாஸ்டனில் ஈத்தர் மயக்கத்தில் அறுவை சிகிச்சை நடத்திக் காட்டினார்கள். நின்ற இதயத்தை மீட்கும் பயிற்சிக்கான உலக நாளும் அதே அக்டோபர் 16. அன்று போடும் பதிவுக்கு ஒரு முகாந்திரம் இருக்கிறது. ஆடிட்டர் நண்பர்களுக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் சமயம், பொறியாளர்களுக்கு மழைக்காலத்துக்கு முந்தைய மாதம். கேள்வி எழும் நேரத்தில் பதில் கையில் இருக்க வேண்டும்.

நான்காவது, பேச்சுத் தமிழ். நம் வளாகத்துப் பெரியவர்கள் பலர் எழுத்தைவிடக் குரல் பதிவைத்தான் கேட்கிறார்கள். ஒரு நிமிடம் பேசி அனுப்பினால் போதும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும், வாட்ச்மேன் அண்ணனுக்கும் அது போய்ச் சேரும். விழுந்தவர் பக்கத்தில் முதலில் நிற்பவர் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

ஐந்தாவது, சங்கத்தின் பெயரும் தேதியும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். படம் பக்கத்திலிருந்து பிரிந்து தனியாக ஊர் சுற்றும். பெயரும் தேதியும் இல்லாவிட்டால், மூன்றாவது கைக்குப் போகும்போது அதுவும் இருமல் செய்தி மாதிரி அநாதைச் செய்திதான்.

இவ்வளவு செய்தாலும் கடைசி அடி பாக்கி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2018-ல் இந்தியாவில் வரம்பு வைத்தார்கள். பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020-ல் இன்னும் இறுக்கினார்கள். பொய்ச் செய்தியைத் தடுக்கத்தான் அது. ஆனால் நல்ல செய்திக்கும் அதே கதவுதான். ஆகவே, எந்தச் சங்கமும் எங்கிருந்தோ நம் குழுவுக்குள் நுழைய முடியாது. நம்மில் ஒருவர் கொண்டுவர வேண்டும். "நம்ம பி பிளாக் டாக்டர் போட்டது", "நம்ம ஆடிட்டர் சார் சொன்னது" என்றால் மக்கள் திறந்து பார்க்கிறார்கள். பெரிய சங்கத்தின் முத்திரைக்கு இல்லாத மதிப்பு, தினமும் லிஃப்டில் பார்க்கும் முகத்துக்கு இருக்கிறது.

அதனால் நிர்வாகக் குழுவுக்கு மூன்று யோசனைகள். ஒன்று, நம் வளாகத்தில் தொழில்முறைச் சங்கங்களில் இருப்பவர்கள், காலாண்டுக்கு ஒரு பதிவு, ஒன்றே ஒன்று, தங்கள் சங்கத்தின் தகவலிலிருந்து எடுத்து எளிய தமிழில் தரட்டும். அதைக் குழுவின் மேலே பொருத்தி வைப்போம். இரண்டு, அதையே அச்சிட்டு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவோம். செல்போன் இல்லாதவரும் லிஃப்டுக்குக் காத்திருப்பார். மூன்று, வரும் அக்டோபர் 16-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, இதே ஹாலில் நெஞ்சை அழுத்தும் பயிற்சி நடத்தலாம். பயிற்சிப் பொம்மைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். வாட்ச்மேன்களையும் வீட்டு வேலைக்கு வருபவர்களையும் கட்டாயம் அழைக்க வேண்டும்.

எங்கள் பதிவுக்கு எத்தனை லைக் என்று கணக்குப் பார்ப்பதால் பெரிய லாபமில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்பேன். மூன்று முப்பதாகியிருந்தால் பதிவு வேலை செய்தது என்று அர்த்தம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை. அந்த இருமல் செய்தி உங்கள் செல்போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். அனுப்பியவரிடம் கோபப்பட வேண்டாம், அவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். அவருக்கு கோல்ஸ் படத்தைப் பதிலாக அனுப்புங்கள். அதை இன்றிரவே நம் குழுவில் போடுகிறேன்.

 காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.